ஒரே வரியில் முடிகிற வரலாறா எங்கள் பள்ளிக்கூடம்?

விழா மலரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மன்னார்க் கரையில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிக்கூடத்தின் வரலாறு என்று போட்டதில் முக்கால்வாசியும் 1960க்குப் பிறகு வந்த அதிபர்மாரும், கட்டடம் திறந்துவைத்த அமைச்சர்மாரும்தான். அதற்கு முந்திய காலம் முழுவதற்கும் ஒரே வரி: ‘மிஷனரிமாரால் ஆரம்பிக்கப்பட்டது.’

சரி, அவர்கள்தான் ஆரம்பித்தார்கள். 1847இல் அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையார் இலங்கைக்கு வந்ததையும், சமயப் பள்ளிகளுக்கும் அரசு உதவிப் பணம் வேண்டுமென்று பொன்ஜீன் ஆண்டகை வாதாடியதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கல் சுமந்தது யார்? அம்மம்மா சாகும்வரை சொல்லுவா: முதல் கொட்டிலுக்குக் கிடுகு பின்னியது அவவின் தாயும் பக்கத்து வீட்டுப் பெண்களும். கரைவலையில் நல்ல பாடு விழுந்த நாளில், மீன் விற்ற காசில் ஒரு பங்கை வாத்தியாருக்கென்று எடுத்துவைத்தது அவவின் தகப்பன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இந்தச் சனம்தான் பள்ளிக்கூடத்தைக் கட்டியது. அவர்களுக்கு மலரில் இடமில்லை.

‘மதம் மாற்றத்தானே பள்ளிக்கூடம் கட்டினார்கள்’ என்று ஒருவர் வருவார். ஐயா, 1544இலேயே கத்தோலிக்க வேதத்துக்காக இரத்தம் சிந்திய மன்னார்க் கரை இது. ஒல்லாந்தர் காலத்துத் தடையிலும் விசுவாசத்தை விடாத சனத்தை மாற்ற யாருக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டது?

‘அரசாங்கம் பள்ளிகளைப் பொறுப்பில் எடுத்ததால்தானே இலவசமாகப் படித்தீர்கள்’ என்பார் இன்னொருவர். இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. 1960இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு எடுக்கும் சட்டம் வந்தபோது, பட்டணத்துப் பெரிய பள்ளிகளுக்காவது உதவிப் பணத்தை விட்டுவிட்டுத் தனியாக நிற்க வழியிருந்தது. எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளுக்கு அதுவும் இல்லை. அடுத்த வருடச் சட்டத்தில் நிலமும் கட்டடமும் நட்டஈடு இல்லாமலே போயின. சைவப் பள்ளிகளும் இப்படித்தான் போயின, அவர்களின் வலியும் எனக்குப் புரிகிறது. எடுத்தது சரியா பிழையா என்று வேறொரு நாள் பேசலாம். எடுத்தவர்களுக்குப் பக்கம் பக்கமாக இடமிருக்கிறது, கொடுத்தவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லையே, அதுதான் என் கேள்வி.

மலர்க்குழுவில் ஒருவரிடம் கேட்டேன். ‘பழைய ஆட்களுக்கு ஆதாரம் இல்லை’ என்றார். கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை யாராவது திறந்து பார்த்தீர்களா? சேமக்காலையில் கல்லறைகளை வாசித்தீர்களா? ஊரில் தொண்ணூறு வயதுக்காரர் இன்னும் இருக்கிறார்கள், ஒருவரிடமாவது போய்க் கேட்டீர்களா? கேட்கவில்லை. கிடுகு பின்னியவளுக்கெல்லாம் வரலாறு எதற்கு என்று நினைத்துவிட்டீர்கள். எனக்கு நோகிறது.

அம்மா சொல்லச் சொல்ல எழுதிய பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் குழுவிடம் கொடுப்பேன். மலரோடு ஒரு தாளாவது அச்சடித்து இணைக்கட்டும். முடியாது என்றால், ஏன் என்று எழுத்தில் தரட்டும்.