வி ஃபார் வடை என்றால் என்ன குறைந்துவிட்டது?

அந்தப் பெரியவர் ஆடியோவை இன்னும் எத்தனை குரூப்பில்தான் ஃபார்வர்ட் செய்வீர்கள்? கஸ்டமர் கேரில் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்கிறார். "வி ஃபார் வடை, என் ஃபார் நாராயணா." எதிரில் இருந்த பெண்ணுக்குப் புரிந்தது, டைப் செய்துகொண்டார், வேலை முடிந்தது. இதில் உருண்டு புரண்டு சிரிக்க என்ன இருக்கிறது?

கீழே கமென்டில் ஒரு மேதாவி "பி ஃபார் நிமோனியா, டி ஃபார் சுனாமி, கே ஃபார் நைஃப்" என்று போட்டதற்கு ஹார்ட்டுக்கு மேல் ஹார்ட். அவர் சொன்னால் நகைச்சுவை, பெரியவர் சொன்னால் கேலிக்கூத்து. இத்தனைக்கும் ஸ்பெல்லிங்கில் மட்டும் இருந்து உச்சரிப்பில் வராத எழுத்துகள் இவை. நிமோனியாவை வைத்து எவருக்கும் பி-யைப் புரியவைக்க முடியாது. வடையை வைத்து வி-யைப் புரியவைக்கலாம். டார்மிகன் என்று ஒரு குளிர்தேசப் பறவை. அதன் ஸ்பெல்லிங்கும் பி-யில்தான் ஆரம்பிக்கும். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்த பெயர், அங்கே அந்த பி கிடையாது. கிரேக்கச் சொல் என்று தப்பாக நினைத்து ஒட்டவைத்தது. ஆக, கோமாளி ஆங்கிலம்தான். பெரியவர் இல்லை.

பி, சி, டி, இ, ஜி, வி எல்லாம் ஒரே ஈகாரத்தில் முடிகின்றன. (பாம்பே பி-யும் பஞ்சாப் பி-யும் தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன, அது வேறு கதை.) கரகரக்கும் லைனில் இங்கிலாந்துக்காரனுக்கே எது எதுவென்று தெரியாது. அதனால்தானே விமானிகளுக்கு ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துக்கு ஒரு வார்த்தையாக 1956ல் ஒரு பட்டியல் போட்டார்கள்? அதில் விஸ்கி இருக்கிறது. டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்று டான்ஸும் இருக்கிறது. பைலட் விஸ்கி என்றால் நெறிமுறை, நம்மவர் வடை என்றால் மானம் போகிறதா?

"அந்தப் பட்டியலையே படித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பீர்கள். அதில் ஜூலியட்டுக்குக் கடைசியில் இரண்டு டி. ஒன்று மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்களாம். பிரெஞ்சு நாக்குக்காக ஸ்பெல்லிங்கையே வளைக்கலாம், திண்டுக்கல் நாக்கு என்றால் மட்டும் சிரிப்பு!

"தமிழில் மட்டும் ன, ண குழப்பம் இல்லையா?" இருக்கிறது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்துச் சமாளித்தாகிவிட்டது. அவ்வளவுதான், மேலே போகலாம்.

என் அப்பாவின் இனிஷியல் வி. இன்ஷூரன்ஸுக்காக போனில் விவரம் கேட்டவர் அதை பி என்று பதிந்துவிட்டார். அப்பா "வி சார், வி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். காலேஜ் படிக்கும் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது வேலாயுதம் என்றோ வடை என்றோ சொல்ல அவருக்குக் கூச்சம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஒரு எழுத்துக்காக அம்மா நோட்டரி, அஃபிடவிட், "இருவரும் ஒருவரே" சான்று என்று அலைந்தாள். கவுன்டரில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "அப்பவே ஸ்பெல்லிங்கை ஒழுங்கா சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

இப்போது "ஓவர் சென்சிடிவ்" என்று ஒருவர் வருவார். வாங்க. 2018ல் சசி தரூர் 29 எழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றை ட்விட்டரில் போட்டாரே, ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளிவிடும் வழக்கத்துக்கான வார்த்தை, அதை அகராதியில் தேடிப் பிடித்து ரசித்தவர்கள்தானே நீங்கள்? வாயில் நுழையாத வார்த்தை என்றால் கைதட்டல், வாயில் போட்டு மெல்லும் வடை என்றால் நக்கல்.

அதைவிட ஒன்று கேட்கிறேன். "இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படலாம்" என்றுதானே சொல்வார்கள்? அந்தப் பதிவு அவருடைய பெயர், போன் நம்பரோடு வாட்ஸப்புக்கு எப்படி வந்தது? ஷேர் செய்தவர்களில் ஒருவராவது அதைக் கேட்டீர்களா?