பிரசவ வலியின்போது ஸ்கேன் எடுத்தால் ஆபத்தா?

"வலி வந்த பிறகு வயிற்றில் ஸ்கேன் வைத்தால் கதிர்வீச்சு குழந்தையின் மூளையைத் தாக்கும், சிசேரியனுக்குத் தள்ளுவதற்காகவே எடுக்கிறார்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி முழுக்கத் தவறு. இந்த ஸ்கேன் அல்ட்ராசவுண்ட், அதாவது ஒலி அலை; எக்ஸ்ரே மாதிரி உடல் செல்களைச் சேதப்படுத்தக்கூடிய அயனியாக்கும் கதிர்வீச்சு அதில் கிடையாது.

சரி, பிறகு எதற்கு எடுக்கிறார்கள்? குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்க்க. விரலால் தொட்டுப் பார்ப்பதில் தவறு நேர்வது சகஜம். ஃபோர்செப்ஸ் (இடுக்கி போன்ற கருவி) அல்லது வேக்வம் (உறிஞ்சி இழுக்கும் கருவி) வைத்து குழந்தையை எடுக்க வேண்டிய நேரத்தில் அந்தத் தவறு சின்ன விஷயமில்லை. அயர்லாந்தில் 500க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், கையால் மட்டும் பார்த்தபோது தலையின் நிலையைத் தவறாகக் கணித்தது சுமார் 20 சதவீதம், ஸ்கேனும் சேர்ந்தபோது 2 சதவீதத்துக்கும் கீழே. சிசேரியன் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் தாய்க்கும் குழந்தைக்கும் வரும் சிக்கல்களும் அதனால் குறைந்துவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது பாதியை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. 2015இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில், தலையின் நிலையைப் பார்க்க எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுத்தபோது சிசேரியனும் கருவி வைத்து எடுக்கும் பிரசவமும் கொஞ்சம் கூடின. எல்லோருக்கும் வழக்கமாக என்றில்லாமல், பிரசவம் தாமதமாகும்போதும், கருவி வைப்பதற்கு முன்பும் எடுங்கள் என்கிறது ஐசுவாக் (ISUOG) என்ற, மகப்பேறு அல்ட்ராசவுண்ட் துறைக்கான சர்வதேச அமைப்பின் 2018 வழிகாட்டுதல். வலியில் இருக்கும் பெண்ணிடம் அந்தப் பயத்தை ஏற்றாதீர்கள், ஸ்கேன் எதற்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள்.