கரமடிக்கு முதல் மூலதனம் மணல்

குமரி மாவட்டக் கடற்கரையில் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, ஏன் அருகிப்போனது என்று கேட்டால், மீன் இல்லை, இழுக்க ஆள் இல்லை என்று இரண்டு பதிலோடு முடித்துவிடுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் வலை இழுக்கக் கரையே இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

கம்பாக் கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். முதலில் கயிறு, அடுத்து வலையின் ஒரு கை, நடுவில் பை போன்ற மடி, பிறகு மறு கை, மறு கயிறு என அரைவட்டமாக விட்டுக்கொண்டே வந்து, சில நூறு மீட்டர் தள்ளிக் கரை சேரும். கையின் தொடக்கத்தில் கண்ணிகள் மிகப் பெரிதாக இருக்கும். மீன் நினைத்தால் தாராளமாக வெளியேறலாம், ஆனால் நகரும் கயிற்றுக்கு மிரண்டு நடுவுக்கே ஒதுங்கும். மடியை நெருங்க நெருங்கக் கண்ணி சிறுத்து, கடைசியில் நெத்திலியும் நிற்கும் அளவுக்கு வந்துவிடும்.

பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேர். இடுப்பில் கட்டிய சிறு கயிற்றைக் கம்பாவில் மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பார்கள். கடைசியில் இருப்பவர் கழற்றிக்கொண்டு அலைவாய்க்கு ஓடி மறுபடி மாட்டிக்கொள்வார். இழுக்க இழுக்க இரண்டு அணியும் நெருங்கி வர வேண்டும். நீரோட்டம் வலையைத் தள்ளினால் அதன் போக்கிலேயே நகரவும் வேண்டும். ஒரு பக்கம் முந்திவிட்டால் அடிக்கயிறு தரையை விட்டு எழும்பும். அந்த இடைவெளி போதும், கூட்டம் முழுக்க அடிவழியே போய்விடும்.

இந்தக் கரையின் நடுவே கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவைப் போட்டால் பக்கவாட்டில் நகர வழியில்லை. தடுப்புச்சுவர் கட்டினால் பின்னோக்கி நடக்க இடமில்லை. உருண்டு கிடக்கும் கல்லில் மடி மாட்டினால் கிழிசலைத் தைக்கும் நாளெல்லாம் வருமானம் இல்லை. ஆனி, ஆடிச் சீற்றத்தில் அரித்துப்போகும் மணல், கடல் அடங்கிய பிறகு திரும்பி வந்து சேரும். கரமடிக்கு ஏற்ற காலமும் அதுதான். குறுக்கே கல் கிடந்தால் ஒரு பக்கம் குவிகிறது, மறுபக்கம் அரிக்கிறது.

வரும்படியையும் பாருங்கள். ஒரு உதாரணக் கணக்கு: ஏலம் 12,000 ரூபாய் போகிறது. தரகும் சாப்பாட்டுச் செலவும் 1,500 என்று கழித்தால் மீதி 10,500. பங்குமுறை ஊருக்கு ஊர் மாறும். வலைக்கும் வள்ளத்துக்கும் பாதி என்று வைத்தால், 30 பேருக்கு ஆளுக்கு 175 ரூபாய். மடி நிறையச் சொறி (ஜெல்லிமீன்) ஏறினால் அதுவும் இல்லை. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வலை வளைத்தால்தான் கட்டுப்படியாகும். கரை சுருங்கி வளைப்பு ஒன்றாகக் குறைந்தால் இளைஞர்கள் ஏன் நிற்பார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் பெருகியபோது ஆட்கள் அந்தப் பக்கம் போனதில் அவர்கள் மேல் குற்றமில்லை.

கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுச் சுவரை அலை தொடும்போது தடுப்புக் கேட்பது மீனவர்கள்தான், கேட்பது நியாயமும்கூட. ஆனால் கல்லைத் தவிர வேறு வழியே இல்லையா? 1980களின் இறுதியில் வந்த துறைமுகச் சுவரால் மணலை இழந்த புதுச்சேரியில், கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தும் மணல் கொட்டியும் கரையின் ஒரு பகுதியை மீட்டிருக்கிறார்கள்.

எங்கே கல் போட்டே ஆக வேண்டுமோ அங்கேயும், திட்ட வரைபடத்தில் கரமடிக் கரைகளைக் குறிக்க வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மீட்டர், எந்தெந்த மாதம் என்பது கம்பா இழுக்கும் பெரியவர்களுக்கு மனப்பாடம். ஒரு ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் குறித்துவிடலாம்.