கங்கு சிவந்துவிட்டால் ஆபத்தில்லை என்பது தவறு

“புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் பழைய குமுட்டி அடுப்பை (கரி போட்டு மூட்டும் திறந்த அடுப்பு) படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், வெளிநாட்டிலும் கரி அடுப்பில்தானே குளிர் காய்ந்தார்கள்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

குளிர்நாட்டுப் பழைய நிலக்கரி அடுப்பு மூடிய இரும்புப் பெட்டி. வாயு முழுவதும் குழாய் வழியே கூரைக்கு மேலே போய்விடும். நம் குமுட்டிக்குக் குழாயே கிடையாது. எரிவதெல்லாம் அறைக்குள்தான் தங்கும்.

புகை நின்றதும் வாயு நின்றதாக அர்த்தமில்லை. கங்கின் மேல் சாம்பல் பூத்து, உள்ளே செக்கச்செவேல் என்று கனலும்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு அசதி. தூக்கம் வருகிறது என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்கமாட்டார்.

கும்பகோணத்தில் எங்கள் பாட்டி குமுட்டியைத் தாழ்வாரத்தில், முற்றத்து ஓரமாகத்தான் மூட்டுவார். விசிறி வீசி, கரி நன்றாகப் பிடித்த பிறகும் உள்ளே கொண்டுவரமாட்டார். முற்றம் வைத்த வீடு அது. இன்றைய கண்ணாடி ஜன்னல் அறை அப்படியில்லை. பிள்ளை பெற்றவள் அறைக்குச் சாம்பிராணி போடுகிறவர்களும் தூபம் காட்டியதும் தணலை வெளியே எடுத்துவிடுங்கள்.

நம் டெல்டா மார்கழிக்குக் கம்பளியே போதும். மூடிய அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.