இருமலே இல்லாத டிபி
ஆபரேஷனுக்குப் பிறகு குடல் ஒட்டிக்கொள்வது, குடலிறக்கம், புற்றுநோய் என்று குடல் அடைப்புக்கான காரணங்களை விரிவாகச் சொன்ன, நான் படித்த ஒரு கட்டுரை, இந்தியாவில் இன்னும் பார்க்கிற குடல் காசநோயை ஒரே வரியில் தாண்டிவிட்டது. என் சித்தப்பாவுக்கு அதுதான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கும், கடமுடவென்று சத்தம் வரும், அப்புறம் தானாக அடங்கிவிடும். கேஸ் என்று ஓமத்தண்ணீரிலேயே மாதக்கணக்கில் ஓட்டினார். இருமலே இல்லை, டிபி என்று யாருக்குத் தோன்றும்? கடைசியில் பச்சையாக வாந்தி, வயிறு பானை மாதிரி. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் சுருங்கியிருந்தது. குரோன்ஸ் என்கிற நாள்பட்ட குடல் அழற்சி நோயும் அங்கேதான் அதிகம் வருமாம், அதற்கென்று ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் முற்றிவிடும் என்பதால், திசு எடுத்துப் பார்த்த பிறகுதான் காசநோய்க்கான 6 மாத மாத்திரையை ஆரம்பித்தார்கள்.