திட்டுவதற்கு முன் அந்தத் தாளை முழுவதும் படித்தீர்களா?

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரி கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றில் தப்பு என்று ஒரு படம் சுற்றுகிறதே, அது எனக்கும் வந்துவிட்டது. குடும்ப குரூப், பழைய ஆபீஸ் குரூப், அபார்ட்மென்ட் குரூப் என்று எல்லாவற்றிலிருந்தும் வந்துவிட்டது. இனி யாரும் அனுப்ப வேண்டாம், ப்ளீஸ். ஹைப்போதைராய்டிசம் (தைராய்டு குறைவாகச் சுரப்பது) என்று இருக்க வேண்டிய இடத்தில் ஹைப்பர்தைராய்டிசம் (அதிகமாகச் சுரப்பது) என்று இருக்கிறது. பெரிய தப்புதான். அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

ஆனால் கீழே வந்த கமென்ட்டுகளைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. "டைப் அடிக்கிறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியல" என்கிறார் ஒருவர். "இதுக்கெல்லாம் ஆள் எதுக்கு, ஏஐகிட்ட கொடுத்துட்டுப் போங்க" என்கிறார் இன்னொருவர். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். நம் நண்பர்கள் சிலரும் போட்டிருக்கிறார்கள், பார்த்தேன்.

சரி, அந்தத் தாளை எத்தனை பேர் கடைசி வரை படித்தீர்கள்? மேலே ஹைப்பர்தைராய்டிசம். கீழே மருந்துப் பட்டியலில் தைராக்சின் 50 மைக்ரோகிராம், காலையில் வெறும் வயிற்றில். தைராய்டு குறைவாகச் சுரப்பவருக்குக் கொடுக்கும் மாத்திரை அது. அதிகமாகச் சுரப்பவருக்குக் கார்பிமசோல் மாதிரி எதையாவது எழுதியிருப்பார்கள். (அயோடின் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ முடிந்தவர் என்றால் கதை வேறு. அப்படி ஒரு வார்த்தையும் அந்தத் தாளில் இல்லை.) தப்பைப் பிடிக்க வேண்டிய தடயம் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்க்க இங்கிலீஷ் தேவையில்லை. தைராக்சின் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். டாக்டர் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு ரிப்போர்ட்டாக எழுதும் வேலையான மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் பிழை குறைவது டைப்பிங் வேகத்தாலும் இல்லை, ஸ்டைலான இங்கிலீஷாலும் இல்லை. உடம்பையும் மருந்தையும் கற்றுக்கொடுத்தால்தான் குறையும். கற்றுக்கொடுக்காமல் உட்கார வைத்துவிட்டு, தப்பு வந்ததும் ஆளைப் பிடித்துத் திட்டுவது அநியாயம்.

காதால் கேட்டு மட்டும் இந்த வேலையைச் செய்ய முடியாது. இலியம் என்று டாக்டர் சொல்கிறார். சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம், காதுக்கு இரண்டும் ஒன்று. பேசப்படுவது குடல் ஆபரேஷனா, எலும்பு முறிவா என்று புரிந்தவரால்தான் சரியாக எழுத முடியும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே இருக்கலாம், அங்கே இன்னும் கஷ்டம். ஹைப்போ, ஹைப்பர் பற்றிக் கேட்கவே வேண்டாம். வேகமாகப் பேசும் டாக்டர் அந்த 'ர்'ரை விழுங்கிவிட்டால் எந்த ஹெட்போனும் உதவாது.

மருந்துப் பெயர் இன்னும் மோசம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் அமெரிக்காவுக்கு லோசெக் என்ற பெயரில்தான் வந்தது. லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையோடு குழம்புகிறது என்று 1990-ல் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள். அங்கே குழம்பியவர்கள் டாக்டர்களும் மருந்தாளுநர்களும். அவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்வீர்களா?

நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டுச் சென்னையில் இந்த வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் டிக்டேஷன் ராத்திரி முழுக்க வந்துகொண்டிருக்கும். காலில் பதிவை நிறுத்தி ஓட்டும் பெடல், காதில் ஹெட்போன், மேஜையில் ஸ்டெட்மன் மருத்துவ அகராதி. எங்கள் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்க்கும் க்யூ.ஏ. அக்கா ஒருவர் எங்களை முதலில் கீபோர்டைத் தொடவே விடவில்லை. இதயத்தை வரையச் சொன்னார். ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது, எந்த வால்வு எங்கே என்று ஒப்பிக்க வேண்டும். எரிச்சலாக இருக்கும், இதற்கா வேலைக்கு வந்தோம் என்று. அப்புறம் ஒரு நாள் கார்டியாலஜி ரிப்போர்ட் ஒன்றில் டாக்டர் பாதியை மென்று முழுங்கிவிட்டார். அவர் சொல்லியிருக்கக்கூடியது மைட்ரல் வால்வா, டிரைகஸ்பிட் வால்வா என்று முன்னும் பின்னும் இருந்த வரிகளை வைத்தே எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்த அக்காவுக்கு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தேன்.

அவர் இன்னொன்றும் சொல்லுவார். "மூணு தடவை கேட்டும் புரியலைன்னா பிளாங்க் விடு. ஊகிச்சு எழுதாதே." பிளாங்க் விட்டு நேரத்தைக் குறித்து வைத்தால், க்யூ.ஏ. கேட்பார். அவருக்கும் புரியவில்லை என்றால் டாக்டரிடம் போகும். திருத்திய ரிப்போர்ட் திரும்ப நம் கைக்கு வரும். அப்படித்தான் நான் வார்த்தைகளைக் கற்றேன்.

பிறகு வேறொரு கம்பெனிக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே லைனுக்கு இவ்வளவு என்று காசு. ஸ்பேஸ் உட்பட 65 எழுத்து ஒரு லைன். பிளாங்க் அதிகம் இருந்தால் இன்சென்டிவ் வெட்டு. திருத்திய ரிப்போர்ட் திரும்பியே வராது, மாதக் கடைசியில் ஒரு பெர்சன்டேஜ் மட்டும் வரும். என்ன நடக்கும்? பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளைகள் ஊகிக்க ஆரம்பித்தார்கள். காலியாக விட்டால் காசு போகும், தப்பாக நிரப்பினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டீர்கள். டைப்பிஸ்ட்டைத் திட்டுவீர்கள்.

"அப்போ தப்பு செஞ்சவங்களுக்கு வக்காலத்தா?" என்று கேட்க ஆள் தயாராக இருப்பீர்கள், தெரியும். இல்லை. இதில் உயிர் போகும் என்று உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். 2008-ல் அமெரிக்காவின் அலபாமாவில் 8 யூனிட் இன்சுலின் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் 80 யூனிட் என்று ஏறி, ஒரு பெண்மணி இறந்துபோனார். அந்த டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை நம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டதுதான். 2012 டிசம்பரில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அந்தத் தாள் டைப் அடித்தவரிடமிருந்து நேராக நோயாளிக்குப் போய்விடவில்லையே? நடுவில் எத்தனை பேர் கை பட்டிருக்கும்! 80 யூனிட்டா என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நம் ஊர்ப் படத்திலும் கீழே கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு கமென்ட் கூட இல்லை. அதன் ஓரத்தில் இருக்கும் டைப் செய்தவரின் இரண்டு இனிஷியலை மட்டும் வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு வீடு இருக்கிறது, அம்மா அப்பா இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஏஐ பக்கம் வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை, தினமும் அதோடுதான் வேலை செய்கிறேன். ஆனால் 2018-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் மட்டும் எழுதியதில் நூறு வார்த்தைக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்த பிறகு 0.4. டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. "அது பழைய மென்பொருள்" என்பீர்கள். புதியது நன்றாகவே கேட்கிறது, உண்மை. ஆனால் 2024-ல் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் ஏஐ கருவியைச் சோதித்தவர்கள், யாருமே சொல்லாத மருந்துப் பெயரை அது தானாக எழுதியதைப் பார்த்தார்கள். அது பிளாங்க் விடாது. ஊகித்து, பிசிறில்லாத இங்கிலீஷில் நிரப்பிவிடும். அதைப் பிடிக்க விஷயம் தெரிந்த ஆள் முன்பைவிட அதிகம் வேண்டும். அந்த ஆளைத்தான் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறீர்கள்.

எங்கள் சொந்தத்திலேயே என்னை "டைப்பிங் வேலை பார்க்கிற பொண்ணு" என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடம் ராத்திரி கண் விழித்து எத்தனை டாக்டர்களின் வாக்கியங்களைச் சரிசெய்திருப்பேன். கொடுத்த டோஸ் பொருந்தவில்லை என்று கேள்வி எழுப்பி, டாக்டரே திருத்திய ரிப்போர்ட்டுகள் உண்டு. அதற்கெல்லாம் யாரும் படம் எடுத்துப் பகிர்வதில்லை.

அந்த ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். திருத்திய சம்மரியை அவர் கையில் கொடுத்து, ஏன் ஹைப்போ, ஏன் தைராக்சின் என்று ஒரு டாக்டரை உட்கார்ந்து சொல்லித்தரச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஆகுமா? பிளாங்க் விட்டால் காசு பிடிப்பது உங்கள் இடத்திலும் நடக்கிறதா என்றும் பாருங்கள். நடந்தால், முதலில் அதை நிறுத்துங்கள்.