சில்லி சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்த அண்ணனுக்கு

நேற்று நடந்த பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். 2019-ல் நியூயார்க் சர்க்கிள் இன் தி ஸ்கொயர் அரங்கில் பார்த்த 'ஓக்லஹோமா!' என்ற பழைய இசை நாடகத்தின் புதுத் தயாரிப்பு பற்றி நான் எழுதியது மொத்தமே நான்கு வரி. அதற்குக் கீழே நம் அண்ணன் வந்து, "கிளாசிக்கைக் குதறிவிட்டார்கள், அந்த வீல்சேர் பெண்ணுக்குக் கொடுத்தது பரிதாப விருது" என்று எழுதிவிட்டுப் போனார். லைக் போட்ட நண்பர்களையும் பார்த்தேன். நன்றி.

குதறல் என்று அண்ணன் சொல்லும் அந்த இருட்டை இயக்குநர் டேனியல் ஃபிஷ் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டவில்லை. நாடகம் முதலில் மேடையேறிய 1943-லேயே அது உள்ளே இருந்தது. பண்ணையாள் ஜட் தனியாக முடங்கிக் கிடக்கும் கொட்டடிக்கு நம் ஹீரோ கர்லி போகிறான். நீ தூக்கு மாட்டிக்கொண்டு செத்தால் ஊரே உனக்காக எப்படி அழும் தெரியுமா என்று பாட்டாகவே பாடி ஆசை காட்டுகிறான். எழுதியது ஹாமர்ஸ்டைன், மெட்டு ராட்ஜர்ஸ். காலங்காலமாக அது காமெடி. ஃபிஷ் விளக்கை அணைத்து, ஜட்டின் முகத்தை மட்டும் சுவர் முழுக்கக் காட்டினார். அதுவரை சிரித்த அரங்கில் சத்தமே இல்லை.

கடைசியில் ஜட் சாகிறான். கல்யாண வீட்டிலேயே அவசர அவசரமாக ஒரு 'விசாரணை'. மாப்பிள்ளை கர்லி தேனிலவுக்குக் கிளம்ப வேண்டுமே, அதனால் நிரபராதி! இதுவும் 1943 சரக்குதான் அண்ணா. முதல் தயாரிப்பு மட்டும் 2,212 காட்சிகள் ஓடியது. அத்தனை தடவையும் கைதட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

"மூலத்தில் அவன் தன் கத்தி மேலேயே விழுந்து சாகிறான், இவர்கள் சுட்டுக் கொல்ல வைத்துவிட்டார்களே?" ஆமாம், மாற்றினார்கள். சரி, அடுத்தது.

"ஆர்க்கெஸ்ட்ரா எங்கே?" இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏழே பேர், பாஞ்சோவும் ஸ்டீல் கிட்டாரும் வைத்துக்கொண்டு நமக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசித்தார்கள். கவ்பாய்கள் கூடும் ஊரில் வேறு என்ன வாசிப்பார்கள்? அரங்க விளக்குகூடப் பெரும்பாலும் அணையவில்லை. எதிர்வரிசைக்காரர் மூக்கைச் சொறிவதுவரை தெரிந்தது. சுவரெல்லாம் துப்பாக்கிகள். பழைய மாதிரியேதான் வேண்டுமென்றால் 1955-ல் எடுத்த படம் இருக்கிறது, யாரும் அழித்துவிடவில்லை. போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. இடைவேளையில் எல்லோருக்கும் சில்லி என்ற காரக் குழம்பும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள். அண்ணனே எழுதியிருக்கிறார், "சில்லி மட்டும் பிரமாதம், அதோடு எழுந்து வந்துவிட்டேன்" என்று. அப்படியென்றால் குதறப்பட்ட அந்த முடிவை எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள் அண்ணா?

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தப் 'பரிதாப விருது'தான் தொண்டையில் நிற்கிறது.

என் அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. எங்கள் பள்ளியில் அவளுக்கு இருந்த குரல் வேறு யாருக்கும் கிடையாது. ஆண்டு விழாவில் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுத்து அவளைப் பாட வைத்தார்கள். முன்னால் பட்டுப்பாவாடையில் இன்னொரு பெண் வாயசைத்தாள். பரிசும் அவளுக்குத்தான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காலில் மாட்டியிருந்த காலிப்பரைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். படுகிறேன், அதற்கென்ன? நாடகத்தில் வரும் ஏடோ ஆன்னி, எந்த ஆண் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத குறும்புக்காரி. பரிதாபத்துக்கு அங்கே எங்கே இடம்? அந்த வேடத்தில் ஆலி ஸ்ட்ரோக்கர் வீல்சேரைச் சுழற்றிக்கொண்டு அதையே சொல்லும் பாட்டைப் பாடியபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை வாங்கிய முதல் வீல்சேர் நடிகை அவர். 2019 வரைக்கும் ஆகியிருக்கிறது, அதைப் பற்றி உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

விருது வாங்கிய வீடியோவை அன்றே அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பேசியதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"அந்தப் பொண்ணு மேடைக்கு எந்தப் பக்கமா வந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

பின்னாலிருந்துதான். பார்வையாளர் பக்கத்திலிருந்து மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லை.